"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல"



இது நீளமான பதிவு. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். ஆண்களும் வாசிக்க வேண்டும். "இது பொம்புளைகள்ற விஷயம்" என்று கடந்து போகிறவர்களுக்காகத்தான் இதில் பாதியை எழுதியிருக்கிறேன்.

போன வாரம் கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்பத்து வீடொன்றில் ஒரு கூட்டம். பிள்ளைக்கு 22 வயது. நல்ல இடத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து "புள்ளட உம்மா எப்படி மௌத்தானாங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? இதுதான் கூட்டத்தின் விஷயம். பெரியவர்கள் அரை மணித்தியாலம் பேசினார்கள். கடைசியில் "ஹார்ட் அட்டாக்" என்று சொல்வதாக முடிவாயிற்று.

அந்தப் பிள்ளையின் உம்மா என் பெரியம்மாவின் மகள். நான் ராத்தா என்று கூப்பிட்டவ. 2022இல் மார்பகப் புற்றுநோயில் மௌத்தானா. வயது 45. பிள்ளையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சாச்சி, என்ட பேர மட்டும் போடாதீங்க" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்தேன். "டீச்சருக்கு எங்க போனாலும் கிளாஸ்ரூம்தான்" என்று ஒரு மாமா சிரித்தார். சரி மாமா, கிளாஸ்ரூமாகவே இருக்கட்டும். இன்றைய பாடம், ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் எவ்வளவு என்று விஞ்ஞானம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது. பாடத்தின் முடிவில் உங்கள் "ஹார்ட் அட்டாக்" எங்கே போய் முட்டுகிறது என்று காட்டுகிறேன்.

ஒவ்வோர் ஒக்டோபரிலும் எங்கள் வட்ஸ்அப் குரூப்களில் பிங்க் ரிப்பன் படங்களோடு ஒரு வீடியோவும் சுற்றும். "ஐந்து வருஷத்துக்கு முன்பே புற்றுநோயைச் சொல்லும் கம்ப்யூட்டர்!" என்று. அது முழுப் பொய்யில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ரெஜினா பார்சிலே, அடம் யாலா ஆகியோரின் குழு 'மிராய்' என்ற மென்பொருளைச் செய்து 2021இல் வெளியிட்டது. ஒரு பெண்ணின் மமோகிராம் படத்தைக் கொடுத்தால், அடுத்த ஐந்து வருடங்களில் அவருக்கு நோய் வரும் வாய்ப்பை அது கணிக்கும். பார்சிலே தானே 2014இல் மார்பகப் புற்றுநோய் கண்டவர். அதை அவர் மறைக்கவில்லை. மேடைகளில் சொன்னார். தன் நோயிலிருந்துதான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு முதலில் ஒரு மமோகிராம் வேண்டும். இலங்கையில் எல்லாப் பெண்களையும் குறித்த வயதில் மமோகிராமுக்குக் கூப்பிடும் தேசியத் திட்டம் இல்லை. ஆகவே படம் இல்லாமல், கேள்வி கேட்டுக் கணக்குப் போடும் முறைக்கு வருவோம்.

இந்த விஞ்ஞானத்துக்கு வயது நூறு. 1926இல் பிரித்தானியாவில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் டொக்டர், நோயுள்ள பெண்கள் ஏறக்குறைய 500 பேரையும் நோயற்ற பெண்கள் ஏறக்குறைய 500 பேரையும் எடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். எத்தனை வயதில் கலியாணம்? எத்தனை பிள்ளைகள்? தாய்ப்பால் கொடுத்தீர்களா? நோயுள்ளவர்கள் சராசரியாகப் பிந்திக் கலியாணம் செய்தவர்களாகவும், பிள்ளைகள் குறைந்தவர்களாகவும், பால் கொடுத்தது குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். அவரிடம் மெஷின் எதுவும் இருக்கவில்லை. பெண்கள் வாய் திறந்து சொன்ன பதில்களே அவருடைய ஆய்வு.

1989இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மிச்செல் கெயில் அந்த வகைப் பதில்களை ஒரு கணக்காக்கினார். இன்று ஒன்லைனில் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கெயில் கணக்கு அதிலிருந்து வந்தது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. கேட்பது கொஞ்சம்தான். உங்கள் வயது என்ன, முதல் மாதவிடாய் எத்தனை வயதில், முதல் பிள்ளை எத்தனை வயதில், மார்பில் ஊசியாலோ வெட்டியோ தசை எடுத்துப் பரிசோதித்தது எத்தனை முறை, உங்கள் இனம் என்ன. இவற்றோடு இன்னொன்று: உம்மா, கூடப் பிறந்த சகோதரிகள், மகள்மார், இவர்களில் எத்தனை பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது?

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் பெண்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல."

உண்மையா?

ராத்தாவின் உம்மா, அதாவது என் பெரியம்மா, 1997இல் மௌத்தானா. நான் அப்போது ஓ.எல். வகுப்பு. "வயித்துப் புண்" என்று சொன்னார்கள், நம்பினோம். 22 வருடம் கழித்து, 2019இல், ராத்தாவின் பயொப்சி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கென்டீனில் உட்கார்ந்திருக்கும்போது என் உம்மா மெதுவாகச் சொன்னா: "அவட உம்மாக்கும் இதுதான். மஹரகமதான் கொண்டுபோன."

எங்கள் ஊரில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது, கவனித்தீர்களா? "அந்த வருத்தம்" என்போம். இல்லாவிட்டால் ஊரின் பெயரைச் சொல்வோம். "மஹரகமக்குப் போறாவாம்" என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆயிரமாயிரம் பேரைக் காசு வாங்காமல் குணப்படுத்தி அனுப்பும் அபேக்ஷா வைத்தியசாலை இருக்கும் ஊரை, மரணத்துக்கு மறுபெயராக்கி வைத்திருக்கிறோம்.

ராத்தா 2018 கடைசியில் கட்டியைக் கண்டிருக்கிறா. எட்டு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது அவ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லயே, அதான் பால் கட்டியா இருக்கும்னு நெனச்சன்." அவவுக்குப் பால் குடிக்கிற பிள்ளையே அப்போது இல்லை. அவவை ஏமாற்றியது அவவுடைய அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் 22 வருடமாகச் சொன்ன பொய்யை அவ நம்பினா. அவ்வளவுதான்.

தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் என்ன கூடும் என்று கேட்கிறீர்களா? 2001இல் 52 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோயுள்ள பெண்கள் 58,000க்கும் மேல், நோயற்றவர்கள் ஏறக்குறைய 1,02,000. அப்படிப்பட்ட உறவினர் ஒருவருக்கு இருந்தால் அபாயம் சுமார் 1.8 மடங்கு. இருவருக்கு இருந்தால் சுமார் 3 மடங்கு. அந்த உறவினருக்கு இள வயதில் வந்திருந்தால் இன்னும் கூடும். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. உறவினருக்கு இருந்தாலும் பெரும்பாலான பெண்களுக்கு இந்த நோய் வாழ்நாளில் வராது.

அதாவது உண்மையைச் சொல்வதால் ஒரு பிள்ளையின் தலையில் தீர்ப்பு எழுதப்படுவதில்லை. அவள் எப்போது, எவ்வளவு கவனமாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியவரும். ராத்தாவுக்கு அந்தத் தகவல் கையில் இருந்திருந்தால் எட்டு மாதத்தை எட்டு நாளாக்கியிருப்பா. உயிரோடு இருந்திருப்பா என்று நான் சொல்ல மாட்டேன், அது அல்லாஹ்வின் கணக்கு. ஆனால் எட்டு மாதம் எங்கள் கணக்கு.

இனி மறுபக்கம். இந்தக் கணக்குகளை விளங்காமல் பிடித்துக்கொண்டு "எனக்கு ரிஸ்க் இல்ல" என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது.

மேலே சொன்ன 2001 ஆய்வின் மூன்றாவது முடிவு: மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் ஒன்பதில் எட்டுப் பேருக்குத் தாய், சகோதரி, மகள் எவருக்கும் அது இருக்கவில்லை. ஆகவே குடும்பத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், இல்லாவிட்டாலும் சாதாரணக் கவனம் வேண்டும். கவனமே வேண்டாம் என்ற மூன்றாவது வகைப் பெண் இந்த உலகத்தில் இல்லை.

அடுத்தது "நான் நாலு புள்ளைக்கும் ரெண்டு வருஷம் பால் குடுத்தன்" என்கிறவர்கள். மாஷா அல்லாஹ். இரண்டு வருடம் பால் கொடுப்பதைக் குர்ஆனே பேசுகிறது. பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது. இதைக் கொழும்பிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மலிந்த டி சில்வா, உபுல் சேனாரத், மங்கள குணதிலக்க, டிலானி லொகுஹெட்டி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோயுள்ள 100 பெண்களையும் நோயற்ற 203 பெண்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் பால் கொடுத்தவர்களுக்கு அபாயம் மிகவும் குறைவாக இருந்தது. நூறு பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் எண்கள் மேலும் கீழும் ஆடும். அதனால் பெரிய ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வந்த முடிவு, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் ஏறக்குறைய 4.3 வீதம் குறைகிறது என்பது. நாலு பிள்ளைக்கு எட்டு வருடம் என்று கணக்குப் போடுங்கள். மொத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். பிள்ளைப்பேறால் வரும் குறைவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பெரிய நன்மைதான். ஆனால் மிச்சம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறதே! நாலு பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த பெண்கள் மஹரகமவின் வார்டுகளில் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? ராத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் பால் கொடுத்தவ.

மூன்றாவது ஆட்கள், ஒன்லைனில் கணக்குப் போட்டுக் குறைந்த எண் வந்ததென்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். இவர்கள் பெரும்பாலும் எங்கள் போன்ற படித்தவர்கள். நானும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். "இனம்" என்ற இடத்தில் சீனர் இருக்கிறது, ஜப்பானியர் இருக்கிறது, பிலிப்பீனோ இருக்கிறது. எனக்கு "வேறு ஆசியர்" என்ற பெட்டிதான். கெயில் முதலில் கணக்கைச் செய்தது வெள்ளையினப் பெண்களின் பதில்களை வைத்து. நோயுள்ளவர்கள் 2,852, நோயற்றவர்கள் 3,146. பிறகு கறுப்பினப் பெண்களுக்கு 2007இல் தனிக் கணக்கு வந்தது. அமெரிக்காவின் ஆசியப் பெண்களுக்கு 2011இல் வந்தது, அதுவும் சீன, ஜப்பானிய, பிலிப்பீனோப் பெண்களின் தகவலை வைத்து. வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண்ணோ கொட்டாஞ்சேனை முஸ்லிம் பெண்ணோ அந்தக் கூட்டத்தில் இல்லை. எங்களைக் கேட்காமல் போட்ட கணக்கில் எங்கள் பதிலைத் தேடுகிறோம்.

அவர்களைக் கேட்டுப் போட்ட கணக்கே எவ்வளவு சரி என்று பார்ப்போம். அமெரிக்கத் தாதியர் பெருந்தொகையினரிடம் கெயில் கணக்கைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். மொத்தமாக எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை அது நன்றாகவே சொன்னது. யாருக்கு வரும் என்பதில் தடுமாறியது. நோய் வரப்போகும் ஒருத்தியையும் வராத ஒருத்தியையும் பக்கத்தில் நிறுத்தினால், 100 தடவையில் 58 தடவைதான் வரப்போகிறவளுக்குக் கூடிய எண்ணைக் கொடுத்தது. காசைச் சுண்டிப் போட்டால் 50.

மாணவிகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். வானிலை நிலையம் "மேல் மாகாணத்தில் மழை" என்று சொன்னால் மாகாணத்துக்கு அது சரி. உங்கள் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பு நனையுமா என்று அதற்குத் தெரியாது. எந்த வயதில் யாரை முதலில் பரிசோதிக்கலாம், எங்கே மெஷின் வைக்கலாம் என்று திட்டம் போட அந்த எண் நல்ல கருவி. "நான் போகத் தேவையில்லை" என்று சொல்ல அது கருவி இல்லை.

இப்போது ஆண்கள் பக்கம் வருகிறேன். எழுந்து போகாதீர்கள்.

1994இல் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவையும், அடுத்த வருடம் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். இவற்றில் கெடுதலான மாற்றத்தோடு பிறக்கும் பெண்களில் 100க்கு ஏறக்குறைய 70 பேருக்கு, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம். சூலகப் புற்றுநோய் அபாயமும் கூடும். மொத்த மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 வீதம் வரைதான் இப்படிப் பரம்பரையாக வருவது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை நோயாளர்களிடம் இந்த மரபணுவைப் பார்த்து 2008இலேயே எழுதியிருக்கிறார்கள், வேறு இடங்களில் காணாத மாற்றங்களும் இங்கே கிடைத்தன.

இந்த மாற்றம் வாப்பாவிடமிருந்தும் வரும். சரிபாதி வாய்ப்பு. உம்மாவிடமிருந்து வருவதற்கும் அதே பாதி. ஆணுக்கு நோய் வராமலே அவர் மகளுக்கு அதைக் கொடுத்துவிடலாம். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் தலைமுறையுரிமை படித்த பிள்ளைக்கு இது விளங்கும்.

அப்படியென்றால் கலியாணப் பேச்சில் நாம் செய்வது என்ன? பெண்ணின் உம்மா எதில் மௌத்தானா என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். மாப்பிள்ளையின் உம்மா எதில் மௌத்தானா, மாப்பிள்ளையின் மாமிமாருக்கு, சாச்சிமாருக்கு என்ன வருத்தம் என்று எந்தப் பெண் வீட்டாராவது கேட்டதுண்டா? அவரும் அதே அளவுக்குக் கொண்டுவரக்கூடியவர்தானே! பேரப்பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகத்தான் விசாரிக்கிறோம் என்றால் இரண்டு பக்கமும் விசாரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் விசாரித்தால் அதற்குப் பெயர் ஆரோக்கியம் அல்ல.

இது முஸ்லிம்களின் குற்றம் மட்டும் என்று பக்கத்து வீட்டார் நினைக்க வேண்டாம். என் சக ஆசிரியைகள் சொல்லும் கதைகள் எனக்குத் தெரியும். இஸ்திகாரா தொழும் வீட்டிலும், பத்துப் பொருத்தம் பார்க்கும் வீட்டிலும், கோயிலில் மூன்று வாரம் ஓலை வாசிக்கும் கிறிஸ்தவ வீட்டிலும் இந்தப் பொய் ஒன்றாகத்தான் சொல்லப்படுகிறது.

"குறையை மறைப்பது மார்க்கத்தில் நல்லதுதானே?" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான் ஆலிமா இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். பாவத்தை மறைப்பது வேறு. நோய் பாவமா? ராத்தா என்ன பாவம் செய்தா? சந்தையில் பழுதை மறைத்து விற்பது கூடாது என்று படித்தோம். ஆனால் மகள் சரக்கும் இல்லை, அவளுடைய உம்மாவின் நோய் பழுதும் இல்லை. பிறகு ஏன் வியாபாரி மாதிரி மறைக்கிறீர்கள்?

"எல்லாம் கத்ர்" என்றார் இன்னொருவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதை மத்ரஸாவில் ஐந்தாம் வயதில் படித்தோமே. பிரஷருக்குக் குளிசை போடும்போது கத்ர் எங்கே போகிறது?

வைத்தியத் துறையையும் சும்மா விட முடியாது. சில வருடத்துக்கு முன் என் உம்மாவை ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். படிவத்தில் சிங்களமும் இங்கிலீஷும் மட்டும். வரிசையில் நாற்பது பேர் இருக்கும் கொரிடோரில், சத்தமாக, சிங்களத்தில், "குடும்பத்தில் யாருக்காவது கேன்ஸர் இருந்ததா?" என்று கேட்டார்கள். உம்மா என்னைப் பார்த்தா, வரிசையைப் பார்த்தா. "நே" என்றா. சொந்த ராத்தாவை மஹரகமவுக்குக் கொண்டுபோன மனுஷி அவ. நானும் பக்கத்தில் நின்று திருத்தவில்லை. அந்தப் படிவத்தில் அந்தப் பொய் இன்றும் இருக்கும். ஒரு நாள் எந்த ஆராய்ச்சியாளராவது அதை எடுத்துக் கணக்கில் சேர்த்தால் எங்கள் பொய்யும் விஞ்ஞானமாகிவிடும்.

கேட்கிறவர்கள் தமிழில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்காதவரை எங்கள் பெண்களுக்கென்று ஒரு சரியான கணக்கு வரவே வராது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் பாருங்கள். அங்கே சீன, மலாய்ப் பெண்களோடு இந்திய வம்சாவளிப் பெண்களும் ஆய்வுகளுக்கு இரத்தம் கொடுத்தார்கள், குடும்ப வரலாறு சொன்னார்கள். மேற்கு நாட்டுப் பெண்களின் மரபணுவை வைத்துச் செய்த கணக்கு ஆசியப் பெண்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 2020இல் சோதித்துச் சொல்ல முடிந்தது அதனால்தான். இங்கே ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை படிவத்தோடு வீட்டுக்கு வந்தால், யன்னலால் பார்த்துவிட்டு "ஆள் இல்ல" என்கிறோம்.

கடைசியாக, மெஷின் இல்லையே என்று கைகட்டி உட்காரத் தேவையில்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 20 வருடம் ஓர் ஆய்வு நடத்தியது. 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் அந்நோயால் இறப்பது ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. 50க்குக் குறைந்தவர்களிடம் இறப்பில் அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பெண்ணின் பழகிய கை இவ்வளவு செய்யும்.

அந்தக் கை எங்கள் ஊரிலும் இருக்கிறது. 1996 முதல் இந்த நாட்டில் சுவநாரி கிளினிக் நடக்கிறது. 35 வயதுப் பெண்களைக் குறிப்பாகக் கூப்பிடுகிறார்கள், காசு இல்லை. மார்பைப் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாசல் பரிசோதனை செய்வார்கள், பிரஷர், சீனி பார்ப்பார்கள். எங்கே, எந்த நாள் என்று உங்கள் பகுதி எம்.ஓ.எச். அலுவலகத்தில் அல்லது மிட்வைஃபிடம் கேளுங்கள். நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையம் இருக்கிறது, நேரடியாகப் போகலாம். வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ். கொட்டாஞ்சேனைக்காரர் பொரளைக்கு வந்து மாறுங்கள். "ஆம்புளை டொக்டர் பார்ப்பாரே" என்று பயப்படுகிறவர்கள் "பெண் ஒருவர் பார்க்க முடியுமா" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

தேசியப் புற்றுநோய்த் தடுப்புத் திட்டம் சொல்வது இது: 20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை உங்கள் கையாலேயே பாருங்கள். 20 முதல் 40 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40க்குப் பிறகு வருடம் ஒருமுறையும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். கட்டி, தோல் உள்ளிழுத்தல், காம்பில் நீர் அல்லது இரத்தம், கக்கத்தில் வீக்கம், எதைக் கண்டாலும் அந்த வாரமே போங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதை டொக்டர் சொல்லட்டும், நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் வருடத்துக்கு 4000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதுதான்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கொப்பித் தாளை எடுங்கள். உம்மா பக்கம் ஒரு நிரல், வாப்பா பக்கம் ஒரு நிரல். யாருக்கு என்ன புற்றுநோய், எத்தனை வயதில் கண்டது. உம்மம்மா, வாப்பும்மா, மாமி, சாச்சி எல்லோரும் வர வேண்டும். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள், அவர்களோடு சேர்த்து இந்தத் தகவலையும் அடக்கிவிடாதீர்கள். தாளை மகளிடம் கொடுங்கள், மகனிடமும் கொடுங்கள். அதில் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தால், அல்லது எவருக்காவது 50க்கு முன் வந்திருந்தால், டொக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மரபணு ஆலோசனை கிடைக்கும்.

கதீப்மாரே, குருக்கள்மாரே, பாதிரிமாரே, இதை ஒரு நாள் நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் நூறு பேர் லைக் போடுவார்கள். நீங்கள் சொன்னால் நாலு வாப்பாமாராவது வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள்.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். கூட்டம் முடிந்து போன பிறகு அடுத்த அறையிலிருந்து வந்தாள். "சாச்சி, அவங்க கேட்டா நானே சொல்லுவன். உம்மாக்கு என்ன வருத்தம்னு சொல்ல வெட்கப்பட்டா, எனக்கு வந்தாலும் அவங்க இப்படித்தானே மறைப்பாங்க?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். கேட்டால் அவள் சொல்லப் போகிறாள். நானும் பக்கத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பேச்சு முறிந்தால் முறியட்டும். முறியாவிட்டால் எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒரு மருமகள் உண்மையோடு ஒரு வீட்டுக்குப் போவாள்.

அவர்களிடமும் நாங்கள் ஒரு கேள்வி கேட்கப் போகிறோம். "மாப்பிள்ளையின் வாப்பும்மாவுக்கும் மாமிமாருக்கும் என்ன வருத்தம்?"

ராத்தாவுக்கு துஆச் செய்யுங்கள். பதிவைப் பகிர அனுமதி கேட்கத் தேவையில்லை. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல" என்று கீழே எழுத நினைப்பவர்கள், எழுதுவதற்கு முன் உங்கள் உம்மாவிடம் ஒருதடவை கேட்டுவிட்டு வாருங்கள்.